மில்லுக்குக் காய்ச்சல் வருமா?

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு லோயர் பரேல் பக்கம் போயிருந்தோம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் ஒரு பழைய செங்கல் புகைபோக்கி மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. ஏழாவது படிக்கும் மகள், "அது என்னப்பா?" என்றாள். "இந்த ஏரியா முழுக்க முன்னாடி துணி மில்லுங்க இருந்துச்சும்மா. எல்லாம் சிக் ஆகி மூடிட்டாங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன்.

"சிக்னா உடம்பு சரியில்லாததுதானே? மில்லுக்குக் காய்ச்சல் வருமா?"

வீட்டம்மா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் திரும்பி வரும்போது ரயிலில் அந்தக் கேள்வி விடவே இல்லை. இருபது வருஷமாக வங்கியில் இந்த வார்த்தையைப் படித்து, எழுதி, கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறேன். கட்டடமும் இயந்திரமும் கணக்குப் புத்தகமும் சேர்ந்த ஒன்றை 'நோயாளி' என்று யார் முதலில் சொன்னார்கள், சொன்னதால் என்ன நடந்தது என்று உட்கார்ந்து யோசித்ததே இல்லை. இந்தப் பதிவு அந்த யோசனைதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

(டிஸ்கி: இதெல்லாம் என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

மனிதரல்லாத ஒன்றை நோயாளி என்று சொல்வது ஆங்கிலத்தில் பழைய வழக்கம்தான். 1853-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ், பிரிட்டிஷ் தூதர் சீமோரிடம் பேசும்போது துருக்கியின் ஒட்டோமான் சாம்ராஜ்யத்தை நோய்வாய்ப்பட்ட மனிதன் என்று குறிப்பிட்டார். கேட்டால் இரக்கம் மாதிரி இருக்கும். உண்மையில் அந்த ஆள் போனபிறகு சொத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் பேச்சு. சில மாதங்களில் கிரைமியா போர் தொடங்கியது. 'சிக்' என்று யாராவது அக்கறையோடு சொன்னால், பின்னால் சொத்துப் பேச்சும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

ஆனால் அதே ஆங்கிலேயர்கள் தங்கள் ஊரில் நஷ்டப்படும் கம்பெனியைப் பற்றிப் பேசும்போது வேறு சொல்லை எடுத்தார்கள். 1970-ல் பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் டேவிஸ் இப்படிப்பட்ட கம்பெனிகளை நொண்டி வாத்துகள் என்றார். அவற்றை அரசு தூக்கிச் சுமக்காது என்பது அவர் கட்சி. (அடுத்த வருஷமே ரோல்ஸ் ராய்ஸை அரசுடைமை ஆக்க வேண்டி வந்தது என்பது தனிக் கதை.) நொண்டி வாத்து என்றால் கூட்டத்தோடு நடக்க முடியாதது, விட்டுவிட்டுப் போ என்று அர்த்தம். நோயாளி என்றால் அப்படி விட முடியுமா? படுக்க வைக்கணும், வைத்தியம் பார்க்கணும், பக்கத்தில் ஆள் இருக்கணும். நோய் வந்தது நோயாளியின் குற்றம் என்றும் யாரும் சொல்வதில்லை.

நம்ம ஊரில் என்ன சொல்வோம்? "வியாபாரம் படுத்துடுச்சு" என்போம். "நொடிச்சுப் போயிட்டார்" என்போம். இன்னும் முற்றினால் "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்", "தலையில துண்டைப் போட்டுக்கிட்டான்". கவனித்தீர்களா? முதல் ஒன்றில்தான் வியாபாரம் படுக்கிறது. மற்றதிலெல்லாம் ஒரு ஆள் இருக்கிறான். நொடித்தவன் ஒரு ஆள், கடுதாசி கொடுத்தவன் ஒரு ஆள், துண்டும் ஒரு ஆளின் தலையில்தான். 'சிக் மில்' என்ற சொல்லில் ஆளே கிடையாது. மில் மட்டும்தான் இருக்கிறது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஐம்பது வருஷக் கதை இதற்குள்தான் இருக்கிறது.

கதைக்கு வருவோம். காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வியாபாரி 1854-ல் பம்பாயின் முதல் பருத்தி ஆலைக்கான கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த ஐம்பது அறுபது வருஷத்தில் பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா எல்லாம் புகைபோக்கிகளால் நிறைந்தன. ரத்னகிரி, சாத்தாரா பக்கமிருந்து வந்த தொழிலாளர்களால் உருவான அந்தப் பகுதிக்கு மராத்தியில் கிரண்காவ் என்று பெயர். கிரணி என்றால் மில், காவ் என்றால் கிராமம். மில்லூர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மில்கள் மெதுவாகச் சரிய ஆரம்பித்தன. காரணம் ஒன்றல்ல. 1956 முதல் ஆலைகளில் தறிகளின் எண்ணிக்கையைக் கூட்ட, சில விதிவிலக்குகள் தவிர, அரசு அனுமதிக்கவில்லை. கைத்தறிக்குப் பாதுகாப்பு என்பது நோக்கம். நடுவில் புகுந்து வளர்ந்தது விசைத்தறி. பிவண்டியிலும் இச்சல்கரஞ்சியிலும் ஒரு கொட்டகையில் நாலு தறி, எட்டு தறி போட்டால் மில்லுக்கு உள்ள வரியும் இல்லை, மில் சம்பளமும் இல்லை. 1964-லிருந்து உற்பத்தியில் ஒரு பங்கை அரசு குறித்த விலையில் ஏழைகளுக்கான துணியாக நெய்து தரவேண்டும் என்ற கட்டாயம் வேறு. செயற்கை இழைத் துணியும் வந்துவிட்டது.

இதெல்லாம் மில்லுக்கு வெளியே இருந்து வந்தவை. உள்ளேயும் ஒரு கதை உண்டு. பல முதலாளிகள் மில்லில் வந்த லாபத்தை மில்லில் போடவில்லை. பாட்டன் காலத்து இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, பணம் வேறு தொழிலுக்குப் போனது. வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும், தேய்மானம் என்று கணக்கில் எழுதுவது எதற்கு? நாளைக்குப் புது இயந்திரம் வாங்க. எழுதினார்கள், வாங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நம் சொல் சட்டத்துக்குள் நுழைகிறது. 1967-ல் மூடிக்கிடக்கும் பருத்தி மில்களுக்காக ஒரு சட்டம் வந்தது. அதன் தலைப்பில் 'சிக்' கிடையாது. 1968-ல் தேசிய ஜவுளிக் கழகம், அதாவது என்.டி.சி., ஆரம்பிக்கப்பட்டது. 1972-ல் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ள ஒரு சட்டம், 1974-ல் அரசுடைமை ஆக்க ஒரு சட்டம். இரண்டின் தலைப்பிலும் 'சிக்' உட்கார்ந்துவிட்டது. 1974-ல் நாடு முழுவதும் 103 மில்கள் அரசு கைக்கு வந்தன. கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரிந்த பங்கஜா மில், கம்போடியா மில், முருகன் மில் எல்லாம் என்.டி.சி. மில்களாக ஆனது இந்த வழியில்தான்.

1974 சட்டத்தில் நலிந்த மில் என்றால் என்ன என்று தேடினால், சாரம் இதுதான்: இந்த அட்டவணையில் பெயர் உள்ள மில். நஷ்டம் இவ்வளவு, கடன் இவ்வளவு என்று ஒரு அளவுகோல் கிடையாது. பெயர் இருந்தால் நோயாளி, இல்லையென்றால் இல்லை. மருத்துவமனை ரிஜிஸ்தரில் பெயர் ஏறியதால் நோயாளி ஆன மாதிரி!

சொல் வந்தால் அதன் சொந்தக்காரச் சொற்களும் பின்னாலேயே வரும். 1971-ல் கல்கத்தாவில் இந்தியத் தொழில் சீரமைப்புக் கழகம் உருவானது. கிட்டத்தட்ட தொழில்களுக்கான ஆஸ்பத்திரி. வங்கிகளிலோ 'நர்சிங்', 'ரீஹேபிலிடேஷன்' என்று பேச ஆரம்பித்தார்கள். 1985 நவம்பரில் ரிசர்வ் வங்கி 'ஹெல்த் கோடு' என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கடன் கணக்குக்கும் 1 முதல் 8 வரை ஒரு எண். 1 என்றால் திருப்தி. 2 ஒழுங்கற்றது. 3 நலிந்தது, ஆனால் பிழைக்கும், நர்சிங்கில் இருக்கிறது. 4 நலிந்தது, பிழைக்காது. 5 கடனைத் திருப்பிக் கேட்டாயிற்று. 6 வழக்குப் போட்டாயிற்று. 7 தீர்ப்பு வந்தாயிற்று. 8 வராக்கடன். நான் வேலைக்குச் சேர்ந்தது 2004-ல். அப்போது இந்த முறை போய்விட்டிருந்தாலும் பழைய கோப்புகளின் மேலட்டையில் சிவப்பு மையில் 'ஹெச்.சி. 4' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டில் முனையில் தொங்கும் சார்ட் மாதிரியே இருக்கும்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பெரிய வேலைநிறுத்தம். 1982 ஜனவரி 18. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள், அறுபதுக்கும் மேற்பட்ட மில்கள். முறைப்படி அது முடிந்ததாக யாரும் அறிவிக்கவே இல்லை. பல்லாயிரக்கணக்கானவர்கள் மறுபடி மில் வாசலை மிதிக்கவில்லை. 1983-ல் பம்பாயின் 13 மில்களின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால் இந்தச் சட்டத்தின் தலைப்பில் 'சிக்' இல்லை!

நாங்கள் டோம்பிவிலியில் முதலில் குடியிருந்த சொசைட்டியில் வாட்ச்மேனாக ஒரு காகா இருந்தார். லால்பாகில் ஒரு மில்லில் நெசவாளி. நான் பேங்க்காரன் என்று தெரிந்ததும் ஒரு நாள் ராத்திரி கேட்டார். மராத்தியில் கேட்டதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"சாஹேப், ஸ்ட்ரைக்குக்கு முந்தின நாள் வரைக்கும் என் தறி ஓடிச்சு. நான்தான் நிறுத்தினேன். அப்புறம் பேப்பர்ல எங்க மில்லை ஆஜாரின்னு போட்டாங்க. என்னிக்கு அதுக்கு சீக்கு வந்துச்சு? உங்க புஸ்தகத்துல தேதி இருக்குமே?"

மராத்தியில் நோய்ப்பட்டதற்கு ஆஜாரி என்று பெயர். "காகா, தேதின்னு ஒண்ணு இருக்காது. ரொம்ப நாளா நஷ்டத்துல இருந்திருக்கும்" என்றேன்.

"எங்களுக்கு யாரும் சொல்லலையே. சீக்குன்னு தெரிஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வேலைநிறுத்தம்தான் பம்பாய் மில்களைக் கொன்றது என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். 103 மில்கள் அரசு கைக்கு வந்தது 1974-ல், அதாவது வேலைநிறுத்தத்துக்கு எட்டு வருஷம் முன்பே. ஆனால் காகாவுக்கு அந்தக் கணக்கு யாரும் காட்டவில்லை. பேலன்ஸ் ஷீட் முதலாளிக்கும் வங்கிக்கும்தான். நோயாளியின் பக்கத்திலேயே தினமும் எட்டு மணி நேரம் நின்றவருக்கு நோய் சொல்லப்படவில்லை.

1981-ல் திவாரி கமிட்டி அமைக்கப்பட்டது, அதன் சிபாரிசின்பேரில் 1985-ல் நலிந்த தொழில் நிறுவனங்கள் சட்டம் வந்தது. சுருக்கமாக 'சிகா'. இந்தச் சட்டத்தில்தான் கடைசியாக நோய்க்கு ஒரு கணக்கு கிடைத்தது. உதாரணம் சொல்கிறேன். ஒரு கம்பெனியின் பங்கு மூலதனம் 10 கோடி, சேர்த்து வைத்த ரிசர்வ் 5 கோடி. ஆக நிகர மதிப்பு 15 கோடி. வருஷா வருஷம் நஷ்டம் சேர்ந்து சேர்ந்து மொத்தம் 15 கோடியைத் தொட்டால், அதாவது சொந்தப் பணம் முழுக்கக் கரைந்தால், அது 'சிக்'. கம்பெனி பதிவாகி ஏழு வருஷம் ஆகியிருக்கணும். அந்த வருஷமும் முந்தின வருஷமும் ரொக்க நஷ்டமும் இருக்கணும். 1993 திருத்தத்தில் ஏழு ஐந்தாகக் குறைந்தது, ரொக்க நஷ்ட நிபந்தனை போய்விட்டது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். உடம்பில் ரத்தம் முழுக்க வடிந்தபிறகுதான் டாக்டர் 'ஜுரம்' என்று எழுதித் தருவார். பாதி வடிந்தபோது ஒரு தகவல் சொல்லணும் என்று ஒரு பிரிவு இருந்தது, ஆனால் வைத்தியம் முழுசாக வடிந்தபிறகுதான். அதுவும் நாடு முழுமைக்கும் ஒரே ஆஸ்பத்திரி, டெல்லியில். 1987-ல் தொடங்கிய பி.ஐ.எஃப்.ஆர். என்ற வாரியம்.

அப்படியும் ஏன் கம்பெனிகள் அங்கே வரிசையில் நின்றன? சட்டத்தின் 22-வது பிரிவு. வாரியத்தில் விசாரணை நடக்கும்வரை வாரியத்தின் அனுமதி இல்லாமல் கம்பெனியின் சொத்தை யாரும் ஜப்தி செய்ய முடியாது, கலைக்கச் சொல்லி வழக்கு நடத்த முடியாது. 1990-ல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை வழக்கில், கிராமப் பஞ்சாயத்து தன் வரி பாக்கியை வசூலிப்பதற்குக்கூட இந்தப் பிரிவு குறுக்கே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நோக்கம் நல்லதுதான். ஆபரேஷன் நடக்கும்போது கடன்காரன் கதவைத் தட்டக்கூடாது இல்லையா? ஆனால் ஆபரேஷன் பத்து வருஷம் நடந்தால்? நோயாளி என்ற சான்றிதழே ஒரு குடை ஆகிவிட்டது. இந்த நாட்டில் நலிந்த தொழிற்சாலை உண்டு, நலிந்த முதலாளி கிடையாது என்று வங்கி வட்டாரத்தில் ஒரு சொலவடை. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தார்.

குடை எல்லாருக்கும் கிடையாது. சிறுதொழில்களை இந்தச் சட்டம் சேர்க்கவில்லை. இங்கேதான் என் சொந்தக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். பிவண்டியில் 24 விசைத்தறி வைத்திருந்த ஒருவரின் கணக்கைப் பார்க்க அனுப்பினார்கள். மூன்று தவணை வரவில்லை. தறிகளில் பாதி ஓடிக்கொண்டிருந்தது. சாயா வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப், எதை வேணும்னாலும் எழுதுங்க. சிக்னு மட்டும் எழுதாதீங்க. நூல் வியாபாரி காதுக்குப் போச்சுன்னா அடுத்த லாரி வராது." நான் சின்னப் பையன், விதிமுறைப் புத்தகம் கையில். அறிக்கையில் 'நலிவு அறிகுறிகள் தெரிகின்றன' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் கூடவே அவர் நூலை 30 நாள் கடனில் வாங்கி, துணியை 90 நாள் கடனில் விற்கிறார், நடுவில் உள்ள 60 நாளுக்கான பணம்தான் பற்றாக்குறை என்பதையும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்தேன். வரம்பு நிறுத்தப்பட்டது. அடுத்த தடவை போனபோது தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போயிருந்தன. என் வார்த்தையாலா, எப்படியும் போயிருக்குமா, தெரியாது. ஆனால் அந்த விஷயம் மட்டும் அன்றைக்குப் புரிந்தது. பெரிய கம்பெனி அந்த வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. சின்ன ஆள் அதை எழுதாதே என்று கையைப் பிடித்தார். ஒரே சொல், ஒருவருக்குக் குடை, ஒருவருக்குச் சாவு ஓலை.

சாவு என்றதும் சொத்துப் பேச்சு வருகிறது. ரஷ்யச் சக்கரவர்த்தியை மறக்கவில்லையே? 1991-ல் பம்பாயின் கட்டட விதிகளில் 58-ம் விதி சேர்ந்தது. அதன்படி நலிந்த அல்லது மூடப்பட்ட பருத்தி மில்லின் நிலத்தில் கட்டடம் கட்டலாம், விற்கலாம். மில்லைப் பிழைக்க வைக்கப் பணம் வரட்டும் என்பது காரணம். நிலத்தை மூன்று பங்காக்கி மாநகராட்சிக்கு ஒன்று, வீட்டு வசதிக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று என்பது பொதுவான ஏற்பாடு. 2001-ல் இந்தப் பங்கு, கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டும் என்று மாறியது. மில் என்றால் முழுக்கக் கட்டடம்தானே, ஊருக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கிப்போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006 மார்ச்சில் அந்த மாற்றம் செல்லும் என்று தீர்ப்பானது. இதற்கு நடுவில் 2005-ல் என்.டி.சி.யின் மும்பை டெக்ஸ்டைல் மில் நிலம் மட்டும் 702 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. நெய்த துணியால் நஷ்டம், நின்ற நிலத்தால் கோடி. நோயாளி உயிரோடு இருப்பதைவிடப் போய்ச் சேர்வதில் பலருக்கு லாபம் என்றால் வைத்தியம் எப்படி நடக்கும்?

டாக்டர்கள் கதையும் சொல்லிவிடுகிறேன். 103 மில்களைக் காப்பாற்றப் பிறந்த என்.டி.சி.யின் ஒன்பது துணை நிறுவனங்களில் எட்டு, 1992-93 வாக்கில் தாங்களே நோயாளியாகி பி.ஐ.எஃப்.ஆர். வாசலில் நின்றன. கல்கத்தா ஆஸ்பத்திரி இரண்டு தடவை பெயர் மாற்றி, கடைசியில் மூடப்பட்டது.

சொல் எப்படி மறைந்தது என்பதும் படிப்படியாகத்தான். நரசிம்மம் கமிட்டிக்குப் பிறகு 1992-93 முதல் கடன்களை வகைப்படுத்தும் முறை மாறியது. 'சிக்' போய், தரமானது, தரம் குறைந்தது, சந்தேகத்துக்குரியது, நஷ்டம் என்ற நாலு பெட்டி. இதில் கம்பெனியின் உடம்பைப் பற்றிப் பேச்சே இல்லை, கடனைப் பற்றித்தான் பேச்சு. வட்டி வந்ததா, எத்தனை நாளாக வரவில்லை, அவ்வளவுதான். 2004 மார்ச் முதல் 90 நாள் என்பது கணக்கு. 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம், வழக்குக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தந்தது. சிகாவை நீக்க 2003-லேயே பாராளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. அது அமலுக்கு வந்தது 2016 டிசம்பர் 1-ல். நீக்குவதற்கே பதிமூன்று வருஷம்! அதே வருஷம் வந்த திவால் சட்டத்தில் நோய் என்ற பேச்சு இல்லை. அங்கே வாசல்படி ஒன்றுதான்: கடன் தவறியதா? முதலில் 1 லட்சம் ரூபாய், 2020 மார்ச் முதல் 1 கோடி. தவறினால் நிர்வாகம் முதலாளி கையை விட்டுப் போகிறது. அங்கே ஒரு ஆள் மறுபடி வந்துவிட்டார் பாருங்கள். நம் மஞ்சக் கடுதாசி மாதிரி.

இது எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. இப்போது 'ஸ்ட்ரெஸ்டு' என்கிறோம். அழுத்தத்தில் இருக்கும் சொத்தாம். வங்கி விட்டுக்கொடுக்கும் தொகைக்கு 'ஹேர்கட்' என்று பெயர். நூறு ரூபாயில் எழுபது போனாலும் முடிவெட்டுத்தான்! ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு மெத்தென்ற சொல் தேவைப்படுகிறது போல.

தமிழில் இதற்கு 'நலிந்த', 'நலிவுற்ற' என்று எழுதுகிறோம். நல்ல சொல். ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நலிதல் என்றால் வாடுதல், மெலிதல். பழைய தமிழில் அதே நலிதலுக்கு இன்னொருவரை வருத்துதல் என்ற பொருளும் உண்டு. வாடியவனுக்கும் வாட்டியவனுக்கும் ஒரே வேர். ஆங்கிலச் சொல்லில் வாடியது மட்டும் தெரிகிறது, வாட்டியது யார் என்ற கேள்வி விழுந்துவிடுகிறது. இயந்திரம் வாங்காதவர், தறியைக் கூட்டாதே என்ற கொள்கை, வைத்தியத்தைப் பத்து வருஷம் இழுத்த வாரியம், வார்த்தையை மட்டும் எழுதி விவரத்தை விட்ட என்னைப் போன்ற அதிகாரி, எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம்.

கோவையிலும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் இருந்த என்.டி.சி. மில்கள் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் நின்றன. ஊரடங்கு முடிந்தும் அவை பழையபடி ஓடத் தொடங்கவில்லை. இந்தத் தடவை அவற்றை யாரும் நோயாளி என்றுகூடச் சொல்லவில்லை. வெறுமனே நின்றுவிட்டன.

மகளுக்கு ராத்திரி சாப்பிடும்போது பதில் சொன்னேன். "மில்லுக்குக் காய்ச்சல் வராதும்மா. யாராவது செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டா அது நின்னுபோகும். யார் செய்யலைன்னு சொல்ல விருப்பம் இல்லாதப்ப, சிக்னு சொல்லிடுவாங்க."

"அப்ப நீ ஏன் சிக்னு சொன்னே?" என்றாள். என்ன சொல்வது? பழக்கம்.

அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் இந்த மாதிரிச் சொல் எதைப் பார்த்தாலும், எழுதிய இளைஞரைக் கூப்பிட்டு, "தம்பி, எந்த மாசத்துலேருந்து, எதனால, யார் என்ன செஞ்சதுனால, இந்த மூணையும் எழுதிட்டு அப்புறம் அந்த வார்த்தையைப் போடுங்க" என்கிறேன். பாதிப் பேர் எழுதி முடித்தபிறகு அந்த வார்த்தையே வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ மில்லில் வேலை பார்த்திருந்தால், கோவையோ மதுரையோ மும்பையோ, மில் நின்ற நாளில் அவர்களிடம் என்ன காரணம் சொல்லப்பட்டது என்று கேட்டு எழுதுங்களேன். காகா கேட்ட தேதி அங்கே எங்காவது கிடைக்கலாம்.